வெளிக்கடலில் காற்று

குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் தங்க வருகிறவர்களுக்கு, அவர்கள் கேட்காமலே இரண்டாவது கம்பளியை எடுத்துக் கொடுத்துவிடுவேன். கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் உண்டு, ஐயா. நடுங்கிக்கொண்டே படுத்திருந்துவிட்டு, காலையில் நன்றாகத் தூங்கினேன் என்று சொல்வார்கள். அதனால் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். பெரிய நன்மைகளைக் கடவுள் பார்த்துக்கொள்கிறார். ஒரு கம்பளி, ஒரு கிண்ணம் சூப், காலடியில் வைக்க ஒரு வெந்நீர்ப் பை, நம் கைக்கு எட்டுவது இவ்வளவுதான். இதைத் தவிர வேறெதையும் நான் பெரிதாக நம்பி வாழ்ந்ததில்லை.

ஏதென்சிலிருந்து இந்த வாடைக்காற்றில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். அடுப்புப் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நான் பொய் சொல்லவும் இல்லை. அது எப்படி என்று பிறகு விளக்குகிறேன்.

எங்கள் தீவுத் துறைமுகம் எர்முபொலியை நீங்கள் ஆகஸ்டில் பார்த்திருப்பீர்கள். மாதாவின் திருநாளுக்குத் துறைமுகத்தில் கால் வைக்க இடம் இருக்காது. செப்டம்பர் முடிந்ததும் யாரோ விரட்டியது போல எல்லாரும் போய்விடுவார்கள். காப்பிக் கடைக்காரர்கள் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துத் தார்ப்பாய் போட்டுக் கட்டிவிடுவார்கள். அந்தத் தார்ப்பாய் ஈஸ்டர் வரைக்கும் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். இங்கே உட்கார்ந்தாலும் கேட்கும். இப்போதுகூடக் கேட்கிறதே, அதுதான்.

என் கணவர் லெனார்டோஸ் கப்பல் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற வேலையில் இருந்தார். தூரத்துத் துறைமுகம் ஒன்றில் காய்ச்சலில் போய்விட்டார், அங்கேயே புதைத்தும் விட்டார்கள். பிள்ளைகள் இல்லை. கோடையில் வாடகைக்கு விடுகிற அறைகள் நிறைந்திருக்கும், எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. குளிர்காலத்தில் நான் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போய்க்கொண்டே இருப்பேன். யாரும் படுக்காத படுக்கையின் விரிப்பை எடுத்துத் துவைத்து, இஸ்திரி போட்டு, மறுபடியும் அதே படுக்கையில் விரிப்பேன். கதவுக் குமிழ்களைத் துடைப்பேன். உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். ஜெபமாலையைக் கையில் எடுத்தால் பாதியில் எழுந்துபோய் அடுப்பைப் பார்ப்பேன். அடுப்பில் ஒன்றும் இருக்காது. ஒருமுறை வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருந்தேன், யாராவது வழி கேட்கவாவது வரமாட்டார்களா என்று. ஒரு பூனை வந்தது. அதுவும் உள்ளே வரவில்லை.

பொலிக்சேனி ஜனவரியில், திருக்காட்சித் திருநாளுக்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள். நாற்பது வயது இருக்கும். கையில் சின்னப் பெட்டி. தலைமுடி முழுவதும் காற்றில் முகத்துக்கு வந்திருந்தது.

"அறை ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டாள்.

"அறையைத் தவிர வேற ஒண்ணும் இல்ல, பொண்ணே. உள்ள வா, காத்து உன்னைத் தூக்கிட்டுப் போயிடப் போகுது" என்றேன்.

சிரித்தாள். சிரித்து வெகுநாளானவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள், வாயை மூடிக்கொண்டு.

அன்று சாயங்காலம் இதே மேசையில் உட்கார்ந்து, முட்டையும் எலுமிச்சையும் அடித்து ஊற்றிய கோழிச் சூப்பைக் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறாள். கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கு ஒரு தம்பி, பெயர் ஆர்கிரிஸ். கட்டட வேலைக்குப் போன இடத்தில் சாரம் சரிந்து விழுந்தவன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அவனைத் திருப்பிப் படுக்க வைப்பது, துடைப்பது, சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பது எல்லாம் இவள்தான். பல வருஷங்களாக ஒருநாளும் முழுதாகத் தூங்கியதில்லை.

"நீதான் முதல்ல விழப்போறே, போய் நாலு நாள் படுத்துட்டு வான்னு பக்கத்து வீட்டு தசூலாம்மாதான் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளாத குறையா அனுப்பினாங்க" என்றாள். "எங்க அலுவலகத்துல ஒரு பொண்ணு உங்க ஊருக்காரி. குளிர்காலத்துல அங்க போ, யாரும் உன்னை ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு சொன்னா. அதான் வந்தேன்."

"எத்தனை நாள் இருப்பே?"

"சனிக்கிழமைக் கப்பல்ல போயிடணும், ரொசீனாம்மா. ஞாயித்துக்கிழமை காலைல தசூலாம்மா மகளோட பிரசவத்துக்கு லாரிசா ஊருக்குக் கிளம்பறாங்க. அதுக்குள்ள நான் போகலேன்னா, அவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கக்கூட ஆள் கிடையாது."

"போயிடலாம், கண்ணு" என்றேன். அன்றைக்கு அதை மனதாரச் சொன்னேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு நாள் அவள் நடந்துகொண்டே இருந்தாள். துறைமுகத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, பிறகு மேல் ஊருக்குப் படிகளில், பிறகு மறுபடியும் கடற்கரை. ஓய்வெடுக்க வந்தவள் உட்காரவே இல்லை. சாப்பிடும்போது பாதியில் நிமிர்ந்து, யாரோ கூப்பிட்டது போலக் காதைத் தீட்டிக்கொள்வாள். "என்னம்மா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, பழக்கம்" என்பாள். வியாழக்கிழமை கடலலை தெறித்து முழுக்க நனைந்து வந்தாள். சாயங்காலம் காய்ச்சல் வந்துவிட்டது.

அதற்கு நானா பொறுப்பு? அதற்கு இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவளுக்கு முதுகில் குவளை வைத்தேன். உங்கள் அம்மாவும் உங்களுக்கு வைத்திருப்பார்கள். முள்கரண்டியில் பஞ்சைச் சுற்றிச் சாராயத்தில் நனைத்துக் கொளுத்தி, சின்னக் கண்ணாடிக் குவளைக்குள் ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டு, குவளையை முதுகில் கவிழ்த்தால் சதையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். எடுத்தால் செக்கச்செவேலென்று வட்டம். எங்கள் பக்கத்தில் யாருக்குச் சளி பிடித்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். குவளை வைத்தவர்கள் வட்டம் மங்கும்வரை வெளிக்காற்றில் போகக்கூடாது. போனால் நெஞ்சில் நீர் கட்டிவிடும். இது நான் உண்டாக்கியது இல்லை. எல்லாருக்கும் தெரிந்தது. பொலிக்சேனிக்கும் தெரியும். அவள் அம்மாவும் அப்படித்தான் சொல்வாளாம்.

"இப்படி என்னை யாராவது தொட்டு எத்தனை வருஷமாச்சு" என்று தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். பிறகு தூங்கிவிட்டாள்.

நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. வீட்டுக்குள் இன்னொருவர் மூச்சுவிடும்போது வீடு வேறு மாதிரி ஆகிவிடுகிறது, ஐயா. வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன், என் கால் ஆடவில்லை. ஜெபமாலை முழுவதையும் சொல்லி முடித்திருந்தேன்.

சனிக்கிழமை கப்பல் ஓடவில்லை. இது உண்மை; துறைமுக அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். வாடை அப்படி அடித்தது. குளிர்காலத்தில் எங்களுக்கு இது புதிதில்லை. காலையில் எழுந்ததும் ஊரில் ஒருவரை ஒருவர் கேட்கிற முதல் கேள்வியே கப்பல் உண்டா என்பதுதான். நான் போய்க் கேட்டுவந்து சொன்னதும் பொலிக்சேனி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஒரு தாளில் தசூலாவுக்குத் தந்தி எழுதிக் கொடுத்தாள். கப்பல் ஓடவில்லை, நான் வரும்வரை ஆர்கிரிசை விட்டுப் போகவேண்டாம் என்று. அவர்கள் யார் வீட்டிலும் தொலைபேசி இல்லை. உங்கள் ஊரில் அதற்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்களாமே.

நான் தந்தி அலுவலகத்துக்குப் போனேன். வரிசை நீளமாக இருந்தது. கப்பல் ஓடாத நாளில் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். கொஞ்ச நேரம் நின்றேன். முழங்கால் வலித்தது. அவள் எழுந்து போர்வை இல்லாமல் நடமாடிக்கொண்டிருப்பாளே, வெந்நீர்ப் பை ஆறியிருக்குமே என்று மனது ஓரிடத்தில் நிற்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

"போயிடுச்சா?" என்று கேட்டாள்.

நான் தலையைக் குனிந்தேன்.

இங்கேதான் கவனிக்கவேண்டும். நான் போயிற்று என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்தேன். நம் ஊர்களில் ஆமாம் என்பதற்கு அப்படிச் செய்வோம்தான். ஆனால் ஒரு பெண் அறைக்குள் நுழைந்து தலையைக் குனிவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். கட்டிலுக்கு மேலே சிலுவை தொங்குகிறது. அதன் முன் நான் எப்போதும் குனிகிறவள்.

ஞாயிற்றுக்கிழமை காற்று விழுந்துவிட்டது. பூசைக்குப் போய்விட்டுத் துறைமுகம் வழியாக வந்தேன். கப்பல் வந்திருந்தது. பின்கதவை இறக்கி ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெயில்கூட இருந்தது. கப்பல் சீட்டு விற்கிற பிராங்கிஸ்கோஸ் தன் கூண்டிலிருந்து கையை ஆட்டினான். நானும் ஆட்டினேன். கப்பல் கிளம்புகிறவரை நின்று பார்த்துவிட்டு, ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவள் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள். முகம் இன்னும் வெளிறித்தான் இருந்தது.

"கப்பல் உண்டா, ரொசீனாம்மா?"

நான் மோவாயை மேலே தூக்கினேன். நீங்கள் சற்றுமுன் காப்பி வேண்டாம் என்பதற்குத் தூக்கினீர்களே, அதே மாதிரி. ஒரு சொல்லும் பேசவில்லை. பேச்சு வராத குழந்தைகூட நம் ஊரில் வேண்டாம் என்பதற்கு அப்படித்தான் செய்யும். அவ்வளவு சின்ன அசைவு. மேல்கூரையில் ஒட்டடை இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் அதே அசைவுதான்.

"இங்க காத்தே இல்லையே" என்றாள். "வெளிக்கடல்ல அடிக்குதா?"

குனிந்தேன். பாருங்கள், வெளிக்கடலில் காற்று என்று நான் சொல்லவே இல்லை. அவளாகவே சொல்லிக்கொண்டாள். நமக்கெல்லாம் தெரிந்ததுதானே, துறைமுகத்தில் தண்ணீர் எண்ணெய் மாதிரி இருக்கும், முனையைத் தாண்டினால் கப்பலைப் புரட்டும். அதனால்தான் எங்களில் யாரும் கேள்வி கேட்பதில்லை. கப்பல் இல்லை என்றால் இல்லை.

"சங்கு ஊதின சத்தம் கேட்டுதே?"

"கப்பல் பட்டறைல எப்பவும் ஏதாவது ஒண்ணு கத்திக்கிட்டுதான் கிடக்கும், கண்ணு" என்றேன். இது முழு உண்மை. பட்டறையில் எப்போதும் ஏதாவது ஒன்று கத்தும்.

"நல்லவேளை, தந்தி குடுத்தோம்" என்றாள். என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். "நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்?"

சட்டையைக் கழற்றி, மறுபடியும் படுக்க வைத்தேன். இந்தச் சமையலறையில் இருந்த ரேடியோவை எடுத்து என் துணி அலமாரிக்குள் வைத்தேன். காய்ச்சல்காரிக்குச் சத்தம் ஆகாது.

திங்கட்கிழமை எப்போதுமே கப்பல் கிடையாது. அன்றைக்கு நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். நான் அவள் தலையை வாரிப் பின்னிவிட்டேன். பருப்புச் சூப் வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே தம்பியைப் பற்றிப் பேசினாள். அவனுக்குச் சீட்டாட்டத்தில் ஏமாற்றத் தெரியுமாம், படுத்தபடியே ஏமாற்றுவானாம். "வேணும்னே தோத்துடுவேன். அப்பதான் சிரிப்பான், கழுதை" என்றாள். சொல்லிவிட்டு எழுந்து, சன்னல்வரை போய், திரும்பி, மறுபடியும் போனாள். சன்னலுக்குக் குளிர்காலப் பலகை அடித்திருந்தது. வெளியே ஒன்றும் தெரியாது. ஆனாலும் அங்கேயே நின்றாள்.

செவ்வாய்க்கிழமை கப்பல் வந்தது, போயிற்று. என்னைக் கேட்டாள். மோவாயைத் தூக்கினேன்.

புதன்கிழமை அவளால் தாங்க முடியவில்லை. காலையிலிருந்து அறைக்குள் நடந்தாள். கட்டிலிலிருந்து கதவு, கதவிலிருந்து சன்னல். கல் தரையில் அவள் செருப்புச் சத்தம் இந்தச் சமையலறைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் மேசை விரிப்புக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தேன். அவள் நடக்க நடக்க எனக்கு மனது அடங்கியது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அத்தனை குளிர்காலமாக இந்த வீட்டில் நான் நடந்த நடையை இப்போது இன்னொருத்தி நடக்கிறாள், நான் உட்கார்ந்திருக்கலாம் என்பது போல.

பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். "நானே ஒரு நடை துறைமுகம் போய்க் கேட்டுட்டு வந்துடறேன். தந்தி கிடைச்சிருந்தாலும் தசூலாம்மா எத்தனை நாள் இருப்பாங்க? அவங்க பொண்ணும் பாவம்தானே?"

"முதுகைக் காட்டு" என்றேன்.

காட்டினாள். வட்டங்கள் மஞ்சளாகி மங்கியிருந்தன. இன்னும் ஒரு நாளில் சுத்தமாகப் போய்விடும்.

"நெஞ்சுச்சளி இன்னும் முழுசா இறங்கலை, பொண்ணே. இன்னொரு தடவை வச்சாத்தான் ஆகும்."

"அய்யோ, இன்னொரு தடவையா? என்னை ஓட்டைச் சல்லடையா ஆக்கப்போறீங்க" என்று சிரித்தாள். ஆனால் கோட்டைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்தாள். நான் பலவந்தம் செய்யவில்லை. பஞ்சைக் கொளுத்தினேன். பழைய வட்டங்களுக்கு நடுவிலே புதிய வட்டங்கள் வைத்தேன். இனி இரண்டு மூன்று நாளைக்கு அவள் வெளியே போகமுடியாது. சாராயம் தேய்த்து, கம்பளி போர்த்தி, மேலே இரண்டாவது கம்பளியும் போர்த்தினேன்.

வியாழக்கிழமை முற்பகலில் பிராங்கிஸ்கோஸ் வந்தான்.

அவனைப் பற்றி உங்களிடம் நல்லபடியாகச் சொல்லியிருப்பார்கள். ஊரில் எல்லாருக்கும் அவனைப் பிடிக்கும். எனக்கும் பிடிக்காமல் இல்லை. ஆனால் தன் வேலையை மட்டும் பார்க்கத் தெரியாதவன். கீழே படிக்கட்டிலிருந்தே கத்த ஆரம்பித்துவிட்டான். நான் பால்கனிக்குப் போனேன்.

"அக்கா! ரொசீனா அக்கா! உயிரோட இருக்கீங்களா, இல்ல அந்த ஏதென்ஸ் அம்மா உங்களைத் தின்னுட்டாங்களா?"

"உனக்கு என்னடா வேணும்?"

"எனக்கா? ஒரு காப்பி வேணும், ஒரு பொண்டாட்டி வேணும். ரெண்டும் உங்ககிட்ட கிடைக்காது. அதை விடுங்க. உங்க விருந்தாளி சனிக்கிழமைச் சீட்டை மாத்த இன்னும் வரவே இல்லையே? ஞாயித்துக்கிழமை ஒரு கப்பல் போச்சு, செவ்வாய்க்கிழமை ஒண்ணு போச்சு. உடம்பு சரியில்லைன்னு ரொட்டிக் கடைல சொன்னாங்க. இன்னிக்கு மத்தியானக் கப்பல்ல, எஞ்சின் பக்கத்துல நல்லா சூடா, கால் நீட்டிப் படுக்கிற மாதிரி ஓர் இடம் சொல்லி வச்சிருக்கேன். தூக்கிட்டுப் போகணும்னாலும் நான் வரேன். என் முதுகு எதுக்கு இருக்கு?"

"மெதுவாப் பேசு."

"ஏன், யாராவது செத்துட்டாங்களா?"

அவ்வளவு படிகளையும் அதற்காக ஏறி வந்திருக்கிறான். யாரும் அவனைக் கேட்கவில்லை.

நான் திரும்பினேன். பொலிக்சேனி பின்னால் நின்றிருந்தாள். கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை கப்பல் போச்சா?"

குனிந்தேன்.

"செவ்வாய்க்கிழமை?"

குனிந்தேன்.

அடுத்ததைக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம், கேட்காதே என்றுதான் நினைத்தேன், அவள் நன்மைக்காக.

"அந்தத் தந்தி?"

மோவாயைத் தூக்கினேன்.

அவள் அறைக்குள் போய்ப் பெட்டியை எடுத்தாள். செருப்பு வாரைக்கூடப் போடவில்லை. நான் பின்னாலேயே போய், லுக்குமி மிட்டாய்ப் பெட்டி ஒன்றை அவள் கையில் வைத்தேன். "தம்பிக்குக் குடு, கண்ணு. ரோஜா வாசனை போட்டது" என்றேன். அவள் அந்தப் பெட்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அப்படிப் பார்த்ததை நான் மறக்கவில்லை. அதைக் கீழே படியில் வைத்துவிட்டு இறங்கி ஓடினாள். பிராங்கிஸ்கோஸ் ஒன்றும் புரியாமல் அவள் துணிப்பெட்டியை வாங்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடினான். அவ்வளவு சூடு ஏற்றி வைத்த முதுகோடு கழுத்துத் துணிகூட இல்லாமல் காற்றில் போகிறாளே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

மற்றதை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கப்பல் தடை நீங்கியதை ரேடியோவில் கேட்டு, இவள் சாயங்காலத்துக்குள் வந்துவிடுவாள் என்று நம்பி தசூலா லாரிசாவுக்குக் கிளம்பியிருக்கிறாள். அவளுக்கும் மகளிடமிருந்து அவசரமாகச் சேதி வந்திருந்ததாம். கட்டிலுக்குப் பக்கத்தில் ரொட்டியும், பாலும், ஒரு கூஜா தண்ணீரும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒரு நாளைக்குப் போதும். குளிர்காய்கிற அடுப்பில் மண்ணெண்ணெயும் ஒரு நாளைக்குத்தான் இருந்தது. கீழ்வீட்டுக்காரர்களுக்குத் தட்டுகிற சத்தம் கேட்டிருக்கிறது. சன்னல் பலகை காற்றில் அடித்துக்கொள்கிறது என்று நினைத்தார்களாம். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அந்தச் சத்தம் இல்லை. வியாழக்கிழமை பொலிக்சேனி கதவைத் திறந்தபோது அது முழுதாகத் திறக்கவில்லை, ஏனென்றால் அவன் கட்டிலிலிருந்து கதவுவரைக்கும் வந்திருந்தான் என்று சொன்னீர்கள். நடக்க முடியாதவன். நீங்கள் அதைச் சொல்லும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் அழுதிருந்தால் உங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, ஐயா. அவனை நான் பார்த்ததுகூட இல்லை. அந்த நாட்களில் ஒவ்வொரு நாளும் அவன் பெயரைச் சொல்லி ஜெபித்தேன். இப்போது அவன் ஆன்மாவுக்காக மேல் ஊர்க் கோயிலில் பூசை ஒப்புக்கொடுத்திருக்கிறேன். பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். விரத வெள்ளிக்கிழமையில் இறைச்சி தின்றதைச் சொன்னேன், பிராங்கிஸ்கோசை மனதுக்குள் திட்டியதைச் சொன்னேன். பொய் சொன்னதாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்தானே சொல்ல முடியும்.

ஏன் என்று மறுபடியும் கேட்கிறீர்கள். அவள் தூங்கினாள், அதுதான். வந்த அன்றைக்கு அவள் கண்ணுக்குக் கீழே கறுப்பாக இருந்தது; புதன்கிழமை அது போய்விட்டது. கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. யாராவது பார்த்துக்கொண்டால் அவள் எப்படி இருந்திருப்பாள் என்பதை நான் ஒருத்திதான் பார்த்தேன். இதைச் செய்ய எவ்வளவு சின்னச் சின்ன காரியங்கள் போதுமாக இருந்தன என்று நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

நேற்று உங்கள் எழுத்தரிடம் ஒன்று சொன்னேன். யாராவது நல்ல அயலார் அந்த வீட்டை எட்டிப் பார்த்திருப்பார்கள் என்று நம்பினேன் என்று. அதை அடித்துவிடச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் அது சரியாக இருக்கட்டும். அந்த வீட்டுக்கு இரண்டே சாவி. ஒன்று தசூலாவோடு லாரிசாவுக்குப் போகும் என்று பொலிக்சேனி முதல் நாளே சொல்லியிருந்தாள். இன்னொன்று இங்கே அவள் கட்டிலுக்குப் பக்கத்தில், சலவைக்கல் மேசைமேல் இருந்தது. தினமும் காலையில் அதைத் தூக்கி, அடியில் தூசி துடைத்து, திரும்ப அதே இடத்தில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை துடைத்தபோது அந்தப் பூட்டிய வீட்டுக்குள் அவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமை துடைத்தபோது தண்ணீர் தீர்ந்திருக்கும் என்று தெரியும். செவ்வாய்க்கிழமை, புதன்கிழமை எல்லாம் தெரியும். தெரிந்துதான் மோவாயைத் தூக்கினேன். அவன் போய்ச் சேருகிறவரைக்கும் அவள் இங்கே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அவள் எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. என் பெயரைக் கேட்டாலே எழுந்து அறையைவிட்டுப் போய்விடுகிறாள் என்று உங்களோடு வந்த பையன் சொன்னான். துக்கத்தில் அப்படித்தான் இருக்கும், நாளானால் சரியாகிவிடும். நீங்கள் அவளைப் பார்க்கும்போது ஒன்று மட்டும் சொல்லுங்கள். என்னைக் கொண்டுபோனாலும் அறைச் சாவி பிராங்கிஸ்கோசிடம் இருக்கும், கம்பளிகளை வெயிலில் போட்டு எடுத்து மடித்து வைத்திருக்கிறேன். இனி எந்தக் கப்பலையும் பிடிக்க ஓடவேண்டியதில்லை, எத்தனை நாள் வேண்டுமானாலும் வந்து நிம்மதியாகத் தூங்கட்டும்.